போட்டித் துப்பாக்கிச் சுடுதலில் இறங்குபவர் முதல் பிஸ்டலாக எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

போட்டிகளில் பங்கேற்கும் எண்ணத்தோடு பிஸ்டல் சுடத் தொடங்க விரும்புவதாகவும், முதல் துப்பாக்கியாக .22 (0.22 அங்குலத் தோட்டாவைச் சுடும் பிஸ்டல்) வாங்குவதா, காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டல் வாங்குவதா, எந்த நிறுவனத்தின் தயாரிப்பு நல்லது என்று குழப்பமாக இருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வருபவர்களுக்கு ரேஞ்சில் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் என் பதில் இதுதான்: 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள். கிரிப், அதாவது கைப்பிடி, உங்கள் கைக்குப் பொருந்துகிறதா, டிரிகர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடுபடுகிறதா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். நிறுவனத்தின் பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். துப்பாக்கி வாங்குவதற்கும் வைத்திருப்பதற்குமான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

.22 வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டா வெடிக்கும் சத்தத்துக்கும் பின்னுதைப்புக்கும் உடல் தன்னையறியாமல் தயாராகிவிடும். சுடும் கணத்துக்குச் சற்று முன்பே கண் சிமிட்டும், மணிக்கட்டு இறுகும், விரல் டிரிகரை வெடுக்கென்று இழுத்துவிடும். இந்தப் பழக்கம் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டால் பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு. ஏர் பிஸ்டலில் பெல்லட் எனப்படும் சிறு குண்டு நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில்தான் கிளம்புகிறது; .22 தோட்டாவோ ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் போகிறது. ஆகவே பெல்லட் குழலுக்குள் இருக்கும் நேரம் கூடுதல். டிரிகர் விடுபட்ட பிறகும் கையை அசைக்காமல் குறியைப் பார்த்துக்கொண்டே நிற்காதவருக்கு இலக்கு அட்டை அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடைப்பது அரிது. இங்கே கற்றதெல்லாம் பின்னாளில் 25 மீட்டர் பிஸ்டலுக்குப் போகும்போது அப்படியே கூட வரும். ஓடியும் நகர்ந்தும் 9 மி.மீ. பிஸ்டலால் சுடும் ஐ.பி.எஸ்.சி. வகைப் போட்டிகள்தான் உங்கள் மனத்தில் இருக்கின்றன என்றால் அதற்கான பிஸ்டலும் விதிகளும் வேறு. இந்தப் பதில் அதற்கு உதவாது.

சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டல் 4.5 மி.மீ. குழல் விட்டம் கொண்டதாக இருக்க வேண்டும்; எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது; டிரிகரின் எடை, அதாவது அதை விடுவிக்கத் தேவைப்படும் அழுத்தம், குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும்; 420, 200, 50 மி.மீ. அளவுள்ள பெட்டிக்குள் துப்பாக்கி முழுவதும் அடங்க வேண்டும். ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும். மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் கூடாது. தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். 2018 முதல் பெண்களுக்கும் இதே எண்ணிக்கைதான். அதற்கு முன் அவர்களுக்கு 40. சிறிய வாயுக் குப்பியில் இயங்கும், போலீஸ் பிஸ்டல் போலத் தோற்றமளிக்கும் பொழுதுபோக்குத் துப்பாக்கிகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் டிரிகரும், குறிபார்க்க உதவும் சைட்டும் இந்த வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இனி கிரிப்புக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை தேர்வில் பாதிக்கு மேல் இதுதான். இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 320 மி.மீ. தூரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கி நின்றால், 10 மீட்டர் தள்ளிப் பெல்லட் ஏறத்தாழ 31 மி.மீ. விலகிவிடும், அதாவது நடுவில் விழ வேண்டியது கறுப்பு வட்டத்தின் விளிம்புக்குப் போய் 7 புள்ளியாகிவிடும். ஆனால் இரண்டு சைட்டும் நேர்கோட்டில் இருக்க, கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஆடினால் இலக்கிலும் அதே ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். தொடக்கத்தில் கை ஆடுவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். மதிப்பெண்ணைத் தின்பது மணிக்கட்டு சாய்வதால் வரும் கோணப் பிழை. அந்தச் சாய்வைத் தொடக்கத்திலேயே தடுப்பது பொருத்தமான கிரிப்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் வழக்கமான நிலையில் நின்று பிடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்துங்கள். இரண்டு மூச்சு விட்டபின் கண்ணைத் திறந்து, இலக்கைப் பார்க்காமல் சைட்டை மட்டும் பாருங்கள். முன் சைட் பள்ளத்தின் நடுவில், இரு பக்கமும் சம இடைவெளியோடு, மேல் விளிம்புகள் ஒரே மட்டத்தில் நின்றால் கிரிப் உங்களோடு ஒத்துப்போகிறது. ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே ஒதுங்கினாலோ, குழலின் முனை கீழே தொங்கினாலோ, அந்தக் கிரிப்பின் கோணமோ அளவோ உங்களுக்கு உரியது இல்லை. நல்ல போட்டிப் பிஸ்டல்களில் கிரிப்பின் சாய்வையும் திருப்பத்தையும் ஓரளவு மாற்ற முடியும். உள்ளங்கையின் அடிப்பகுதி அமரும் தாங்கு பலகையை மேலும் கீழும் நகர்த்த முடியும். அந்தப் பலகை கையை நெருக்காமல் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நெருக்கினால் பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போகும். சுட்டு விரல் கட்டையில் உரசாமல், அதன் நுனிப் பகுதி டிரிகரில் நேராக அமர வேண்டும். சிறியது, நடுத்தரம், பெரியது என்று கிரிப்புகள் அளவு வாரியாக வருகின்றன. இடக்கைக்காரர்களுக்குத் தனியே கிடைக்கும். ஆகவே வலக்கைக் கிரிப்பைச் சீவிச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் இடக்கைக்காரர்கள் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

டிரிகரைப் பொறுத்தவரை இரண்டு கட்டமாக இயங்குவது வேண்டும்: முதலில் லேசாக நகர்ந்து ஒரு சுவரைத் தொட்டு நிற்க வேண்டும், அங்கிருந்து சிறிது அழுத்தம் கூட்டினால் இழுபறி இல்லாமல் விடுபட வேண்டும். போட்டிக்கு முன் நடக்கும் பரிசோதனையில் 500 கிராம் எடையை டிரிகரில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். எல்லையிலேயே வைத்திருந்தால் அன்று கைவிடக்கூடும் என்பதால் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. பெல்லட் இல்லாமல், காற்று வீணாகாமல் டிரிகரை மட்டும் இயக்கிப் பழகும் வசதி, அதாவது டிரை ஃபயர், இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். வீட்டில் வெற்றுச் சுவரைப் பார்த்து நின்று செய்யும் அந்தப் பயிற்சிதான் தொடக்கக்காரரை வேகமாக முன்னேற்றுகிறது.

காற்றழுத்தம் எப்படி உருவாகிறது என்பது அடுத்த கேள்வி. ஸ்பிரிங்கில் இயங்கும் சாதாரணப் பிஸ்டல் சுடும்போதே குலுங்கும், வேண்டாம். நெம்புகோலை ஒரு முறை திறந்து மூடினால் ஒரு முறை சுடுவதற்கான காற்று சேரும் வகை, பைக்கால் 46எம், ஃபைன்வெர்க்பாவ் 103 போன்றவை, இன்றும் கற்றுக்கொள்ள அருமையானவை: நிரப்புவதற்குச் சிலிண்டர் தேவையில்லை, ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஒரே அளவில் இருக்கும், பழுதும் குறைவு. ஆனால் ஒரே அமர்வில் அறுபது முறைக்கு மேல் அந்த நெம்புகோலை அழுத்தி மூட வேண்டும். சிறுவர்களுக்கும் மெலிந்த உடல்வாகு கொண்டவர்களுக்கும் கடைசி இருபது சுடுதல்களில் தோள் தளர்ந்துவிடும். அழுத்தக் காற்றுச் சிலிண்டர் கொண்ட வகையைத்தான் இன்று போட்டிகளில் ஏறக்குறைய எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி ஆகிய எதன் போட்டிப் பிஸ்டலும், முதல் சில ஆண்டுகளில் உங்கள் திறமையைவிட வெகுதூரம் முன்னே இருக்கும். அவற்றுக்கிடையே எது உயர்ந்தது என்ற விவாதத்தில் ஒரு மாலைப் பொழுதைக்கூட நீங்கள் செலவிட வேண்டியதில்லை. உங்கள் கிளப்பில் காற்று நிரப்பும் வசதியும், அருகில் பழுது பார்ப்பவரும், மாற்று உதிரிபாகமும் எந்தத் தயாரிப்புக்கு இருக்கின்றன என்று பாருங்கள்.

பழுது பற்றிச் சொல்வதை மிகையாக எண்ண வேண்டாம். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் நடுவிலேயே பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்வதில் பொன்னான நிமிடங்கள் போய், 575 புள்ளிகளோடு அவர் இறுதிச் சுற்று வாய்ப்பை நூலிழையில் இழந்தார். அதே பிரிவில் 2024-இல் பாரிஸில் அவர் வெண்கலம் வென்றார். உலகத் தரத் துப்பாக்கிக்கும் இது நேரும் என்பதால், முதல் பிஸ்டலில் மின்னணு டிரிகரைவிட இயந்திர டிரிகரையே நான் பரிந்துரைப்பேன். பாட்டரியைப் பற்றிய கவலை இல்லை; கோளாறு வந்தால் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளவும் முடியும்.

பெரும்பாலான போட்டிப் பிஸ்டல்கள் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். கூடுதல் எடை ஆட்டத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தோளுக்கு வலு வராதவருக்கு அதுவே ஆட்டத்தைக் கூட்டும். சிறுவர்களுக்கும் சிறிய கை உடையவர்களுக்கும் குறுகிய குழல் கொண்ட இலகுவான வடிவங்கள் உள்ளன; எடைக் கட்டிகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பயன்படுத்திய பிஸ்டல் வாங்குவதில் தவறே இல்லை. நன்கு பராமரிக்கப்பட்ட பழைய போட்டிப் பிஸ்டல், புதிதாகக் கிடைக்கும் மட்டமான ஒன்றைவிட எப்போதும் மேல். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை மட்டும் மறக்காமல் பாருங்கள். உற்பத்தியாளர்கள் பொதுவாக 10 ஆண்டு என்று வரம்பு வைக்கிறார்கள்; காலாவதியான சிலிண்டரோடு வந்து நின்றால் அதற்குப் பொறுப்பு வீரர்தான் என்று போட்டி விதி சொல்கிறது. நிரப்பிய சிலிண்டரின் அழுத்தத்தை அளவுமானியில் குறித்துக்கொண்டு, மறுநாள் திரும்பப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் காற்றுக் கசிவைத் தடுக்கும் சீலை மாற்ற வேண்டும்.

பெல்லட்டில் தட்டை முகம் கொண்டதையே வாங்குங்கள். அதுதான் அட்டையில் வட்டமாகத் துளைத்து, வளையத்தைத் தொட்டதா இல்லையா என்பதைத் தெளிவாகக் காட்டும். தலை விட்டம் 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் விற்கப்படுவதைப் பார்த்து முதல் ஆண்டில் மலைக்க வேண்டாம். ஒரு வகையைத் தேர்ந்துகொண்டு அதிலேயே சுட்டு வாருங்கள்; உங்கள் துளைகள் எல்லாம் ஒன்பது புள்ளி வளையத்துக்குள் நெருங்கி வரத் தொடங்கும்போது, பிஸ்டலைப் பிடிகருவியில் பொருத்தி எந்தப் பெல்லட் அதற்கு ஒத்துவருகிறது என்று சோதித்துக்கொள்ளலாம்.