படமோ எழுத்தோ இல்லாத ஒரு சாதாரண டி-ஷர்ட்டுக்கு ஏன் இத்தனை விலை வித்தியாசம்?

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வெறும் சாம்பல் நிற டி-ஷர்ட் 200 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 1,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது, வித்தியாசம் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் உள்பக்கத்தில். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 6 வருடம் செக்கிங்கில் இருந்தேன். இன்றைக்கும் கடையில் எதை எடுத்தாலும் முதலில் உள்ளே புரட்டித்தான் பார்ப்பேன்.

கழுத்திலிருந்து ஆரம்பியுங்கள். பின்கழுத்தில் ரிப்பும் (கழுத்தைச் சுற்றி வரும், இழுத்தால் நீளும் பட்டி) உடம்புத் துணியும் சேரும் ஓவர்லாக் தையலை (துணி ஓரம் பிரியாமல் சுற்றிப் போடும் தையல்) மூடி ஒரு பட்டையான நாடா தைத்திருக்கிறதா? நல்ல பீஸில் அது ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை ஓடும். தையல் பிடரியில் உரசாது, மாட்டிக் கழற்றும்போது கழுத்து இழுபட்டுத் தொங்கிப் போகாது. அப்புறம் அந்த ரிப். கழுத்து வட்டத்தைவிட அதைக் கொஞ்சம் சின்னதாக வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைப்பார்கள். ரொம்பச் சின்னதாகிவிட்டால் கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழும். பெரிதாகிவிட்டால் அலை அலையாக விரிந்து நிற்கும். சுற்றிலும் ஒரே சீராக இழுத்துத் தைக்கிற டெய்லர் அக்காக்களின் கைப்பழக்கத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்குக் கொடுக்கும் பணம் எனக்கு அதிகமாகத் தெரிவதே இல்லை.

இன்னொன்று பக்கத் தையல். நாலு தடவை துவைத்ததும் இடுப்போரம் இருந்த தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்துவிடும், பார்த்திருப்பீர்கள். டி-ஷர்ட்டுக்கு வழக்கமாக எடுக்கும் சிங்கிள் ஜெர்சி துணியில் இது அடிக்கடி நடக்கும். நூலில் ஏற்றிய முறுக்கு தண்ணீர் பட்டதும் தளரப் பார்க்கும், பின்னலின் கண்ணிகள் ஒரு பக்கமாகச் சாயும், துணியே திருகிக்கொள்ளும். கவனமாகச் செய்கிறவர்கள் துணியை முன்கூட்டியே கம்பாக்டிங் செய்து (பின்னால் சுருங்காதபடி இயந்திரத்தில் அழுத்திச் சுருக்கி), சாம்பிளைத் துவைத்து, எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து பார்த்த பிறகுதான் வெட்டுக்கு அனுப்புவார்கள். கடையில் இதை முழுதாகக் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் வெளிச்சத்தில் பிடித்து, பின்னல் வரிசைகள் பக்கத் தையலோடு நேராக ஓடுகின்றனவா என்று பாருங்கள். அப்போதே சாய்ந்திருந்தால் வேண்டாம்.

கனமான துணிதான் தரம் என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர் வெயிலுக்கு 160 முதல் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) போதும். 240-க்கு மேல் போனால் மே மாதத்தில் போடவே தோன்றாது. கோம்ப்டு பருத்தியா என்று மட்டும் கேளுங்கள். குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்ட நூல் என்பதால் மேலே உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டுவது குறையும்.

விலையை மட்டும் நம்பவும் முடியாது. போன வருடம் 1,200 ரூபாய்க்கு இணையத்தில் ஒன்று வாங்கினேன். நிறம் அவ்வளவு அழகு, ஆனால் கழுத்தில் நாடா இல்லை. மூன்றே மாதத்தில் கழுத்து தொங்கிவிட்டது, மனசு கேட்கவில்லை. அதனால் முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். ஐந்தாறு தடவை துவைத்துப் பாருங்கள். தையல் திரும்பாமல், கழுத்து படிந்தே இருந்தால், அதே அளவில் இன்னும் இரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.