சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்? விமானத்தில் போக எவ்வளவு நேரமாகும்?

மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் வான்வழியில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். சென்னைக்கு நேர் தெற்கே, கிட்டத்தட்ட அதே தீர்க்கரேகையில் யாழ்ப்பாணம் இருப்பதால், வான்வழிக் கணக்கில் அது மதுரையைவிடச் சென்னைக்கு அருகில் உள்ளது. அட்டவணைப்படி பயண நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி. இரு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால், பயணச்சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் அப்படியே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

355 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரமா என்று தோன்றலாம். பலாலி ஓடுபாதை நீளம் குறைந்தது என்பதால், இவ்வழியில் ஏடிஆர் 72 என்னும் சுழல்விசிறி விமானமே பறக்கிறது. அது மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது. உண்மையில் பறப்பது முக்கால் மணிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், தரையிறங்கியபின் நிறுத்துமிடத்துக்கு வருவதும் மீதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன.

ஆனால், கொழும்பு வழியாகப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள் என்பதையே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என் பெரியம்மா யாழ்ப்பாணத்துக்கு அருகே சுன்னாகத்தில் இருக்கிறார். 2017இல் அவர் நோயுற்றிருந்தபோது அவரைப் பார்க்கப் போக எனக்கு வேறு வான்வழி இல்லை. கொழும்பு விமான நிலையம் உள்ள கட்டுநாயக்கா யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 290 கிலோமீட்டரில் இருக்கிறது. அவ்வளவு தூரம் தாண்டிப் போய் இறங்கி, பிறகு ஏ9 சாலை வழியாக ஏழெட்டு மணி நேரம் வடக்கே திரும்பி வந்தேன். முதல்நாள் இரவு புறப்பட்டு, மறுநாள் பிற்பகலில்தான் அவரைப் பார்க்க முடிந்தது.

இத்தனைக்கும் இது புதிய வழியன்று. 1947 டிசம்பரில் இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானம், கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, பலாலிக்கு அருகிலுள்ள காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் வந்தது. போர்க்காலத்தில் பல்லாண்டு அறுந்து கிடந்த இந்தத் தொடர்பு 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டபின் மீண்டது. மறு மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறக்கத் தொடங்கி, பெருந்தொற்றால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடர்ந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்து சேர்ந்தது.

2023இல் நேர் விமானத்தில் போனபோது, காலையில் தாம்பரத்தில் வீட்டைப் பூட்டிப் புறப்பட்ட நான், மதியச் சோற்றைப் பெரியம்மா கையால் உண்டேன். குடிவரவு, சுங்கச் சோதனைக்காக மூன்று மணி நேரம் முன்னதாகவே மீனம்பாக்கம் வந்துவிடுங்கள். பறக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரமே கூடுதலாக இருக்கும். சன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். கடல் முடிந்ததும் செம்மண் தோட்டங்களும் பனைகளும் தெரியத் தொடங்கும்போது, விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்.