ஒன்றேகால் விநாடி வேலை

கேள்வி: டெக்ஸஸில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டாலஸ் கௌபாய்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. மற்றவர்களெல்லாம் முட்டி மோதி உருண்டு எழும்போது, ஒருவர் மட்டும் ஆட்டத்துக்கு நாலைந்து தடவை அழுக்குப் படாத சட்டையோடு வந்து பந்தை உதைத்துவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்துகொள்கிறார். அவருக்கும் கோடிக்கணக்கில் சம்பளமாம். இதெல்லாம் ஒரு வேலையா? அதிலும் சில நாள் கோட்டை விட்டுவிடுகிறாரே!
– வாசகர், டாலஸ்

பதில்: வேலைதான். அதுவும், இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் தவறினால் மூன்றாவது வாரம் வேறொருவர் கைக்குப் போய்விடுகிற வேலை. ‘கோட்டை விட்டுவிடுகிறார்’ என்று ஒருவர் தலையில் போட்டுவிட்டீர்கள். அந்த உதையில் மூன்று பேர் இருக்கிறார்கள். மற்ற இருவரையும் நீங்கள் பார்க்கவே இல்லை.

முதல் ஆள் லாங் ஸ்நாப்பர். குனிந்து நின்று, இரண்டு கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் ஏழெட்டு கஜம் எறிபவர். இரண்டாம் ஆள் ஹோல்டர். ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்து, பந்தைப் பிடித்து, புல்லில் நிறுத்தி, விரலால் தாங்குபவர். பெரும்பாலும் அணியின் பண்டர்தான் (பந்தைக் கையிலிருந்து விட்டு, எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்து அனுப்புபவர்) இதையும் செய்வார். மூன்றாம் ஆள்தான் நீங்கள் பார்க்கும் கிக்கர். ஸ்நாப்பர் கையிலிருந்து பந்து நகர்ந்த கணத்திலிருந்து கிக்கரின் கால் படும்வரை ஆகிற நேரம் ஒன்றேகால் விநாடி, மிஞ்சினால் 1.3 விநாடி. அதைத் தாண்டினால் எதிரணிக்காரன் பாய்ந்து வந்து பந்தைக் கையால் தட்டிவிடுவான். எனவே ஸ்நாப்பர் கொஞ்சம் தாழ எறிந்தாலும், ஹோல்டர் ஒரு நொடி தடுமாறினாலும், கிக்கர் ஓட ஆரம்பித்த பிறகு அந்த ஓட்டத்தை நிறுத்தித் திருத்த முடியாது.

அடுத்த ஆட்டத்தில் பந்தைக் கிட்டக் காட்டும்போது கவனியுங்கள். ஒரு பக்கத்தில் வெள்ளை நாடாவால் போட்ட தையல் புடைத்துக்கொண்டிருக்கும். உதைக்கும்போது அந்தத் தையல் கோல் கம்பங்களைப் பார்த்து இருக்க வேண்டும். கிக்கர் பக்கம் திரும்பியிருந்தால் கால் சமமான தோலில் படாமல் தையல் மேட்டில் படும். பந்து ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பக்கவாட்டில் இருந்தாலும் காற்றில் விலகும் வாய்ப்பு உண்டு. இதை ஹோல்டர் கடைசி நிமிடத்தில் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் ஒன்றேகால் விநாடி போதாது. அதனால் ஸ்நாப்பரே கணக்கு வைத்து எறிகிறார். அந்தத் தூரத்தில் பந்து ஏறக்குறைய மூன்று சுற்றுச் சுழலும். ஹோல்டர் கைக்கு வரும்போது தையல் சரியான பக்கத்தில் இல்லையென்றால், பயிற்சியில் ஹோல்டர் அரை அடி முன்னாலோ பின்னாலோ நகர்ந்து உட்கார்ந்து பார்ப்பார். தையல் தானாகச் சரியாக விழும் இடம் கிடைக்கும்வரை இது நடக்கும். கிடைத்த பிறகு, ஒரே வேகம், ஒரே சுழற்சி, நூற்றுக்கணக்கான தடவை.

இது பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ஜனவரி 10 ஒன்றே போதும். மினியாபொலிஸில் மினசோட்டா வைக்கிங்ஸ், சியாட்டில் சீஹாக்ஸ் அணிகளுக்கு இடையே பிளேஆஃப் ஆட்டம். குளிர் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் பந்துக்குள் காற்றழுத்தம் இறங்கும், தோல் விறைக்கும், உதைபட்டுத் துள்ளும் தன்மை குறையும். வைக்கிங்ஸ் அன்று எடுத்த 9 புள்ளிகளும் கிக்கர் பிளேர் வால்ஷ் அடித்த மூன்று ஃபீல்ட் கோல்கள்தான் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் ஒரு ஃபீல்ட் கோல், மூன்று புள்ளி). கடைசி அரை நிமிடத்துக்குள் 27 கஜத்திலிருந்து ஒரு உதை; அடித்தால் வெற்றி. ஹோல்டர் வைத்த பந்தில் தையல் கிக்கரைப் பார்த்து இருந்தது. பந்து இடப்பக்கம் விலகிப் போனது. ஆட்டம் 10–9 என்று கைநழுவியது. தையலைக் காரணம் காட்ட வால்ஷுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். அடுத்த பருவத்தின் நடுவிலேயே, நவம்பரில், அணி அவரை விடுவித்துவிட்டது. அன்று அணி எடுத்த அத்தனை புள்ளியும் அவர் காலிலிருந்து வந்தவை என்பதை இன்று யாரும் சொல்வதில்லை. என் மனசுக்கு ஒப்பாத விஷயம் இது.

ஸ்நாப்பரின் நிலைமை இன்னும் மோசம். நூற்றுக்கு நூறு சரியாக எறிந்தால் அவர் பெயரே யாருக்கும் தெரியாது. 2003 ஜனவரி 5: சான் ஃபிரான்சிஸ்கோவில் நியூயார்க் ஜயன்ட்ஸ் ஒரு கட்டத்தில் 38–14 என்று முன்னிலையில் இருந்து, 39–38 என்று பின்தங்கிவிட்டது. கடைசி ஆறு விநாடி. 41 கஜ உதை மட்டும் மிச்சம். ஸ்நாப்பர் டிரே ஜங்கின். 19 பருவங்கள் ஆடி ஓய்வு பெற்றிருந்தவர். ஜயன்ட்ஸுக்கு ஸ்நாப்பர் சரியாக அமையாததால் அந்த வாரம்தான் அழைத்து வந்தார்கள். பந்து தாழ்வாகப் போனது. ஹோல்டரால் நிறுத்த முடியவில்லை. உதைக்கவே இல்லை, ஆட்டம் முடிந்தது. பழக்கமில்லாத ஹோல்டரோடு ஒரு வாரப் பழக்கத்தில் அந்த ஒன்றேகால் விநாடியை அமைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்று ஊருக்கே தெரிந்தது. 19 வருட உழைப்பை ஒதுக்கிவிட்டு அந்த ஒரு எறிதலைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இனி சம்பளம். என்எஃப்எல் என்ற இந்த லீகில் 32 அணிகள். அணிக்கு ஒரு கிக்கர், ஒரு பண்டர், ஒரு ஸ்நாப்பர். ஆக மொத்தம் 96 இடங்கள். உட்காருவதற்கு மாற்று ஆள் யாரும் கிடையாது. ஆனால் வெளியே காத்திருப்பவர்கள் ஏராளம். செவ்வாய்க்கிழமை மற்ற ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு நாள். தடுமாறும் கிக்கர் உள்ள அணி, அன்றுதான் நாலைந்து பேரை வரவழைத்து வரிசையாக உதைக்கவைத்துப் பார்க்கும். பலருக்கு ஒப்பந்தத் தொகையில் பெரும் பகுதிக்கு உத்தரவாதம் இருக்காது.

நீங்கள் டாலஸில் பார்க்கும் பிராண்டன் ஆப்ரியையே எடுத்துக்கொள்வோம். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் நம்மூர்க் கால்பந்து, அதாவது சாக்கர், ஆடியவர். 2017இல் டொரான்டோ எஃப்சி என்ற சாக்கர் அணி எடுத்தது. அந்த வாழ்க்கை நீளவில்லை. மென்பொருள் பொறியாளர் ஆனார். 2019இல் தொலைக்காட்சியில் ஒரு கிக்கரைப் பார்த்த மனைவி ‘உன்னாலும் முடியும்’ என்று சொல்ல, பயிற்சியாளர் ஒருவரைப் பிடித்துக் கற்றுக்கொண்டார். 2022, 2023 இரண்டு பருவங்கள் யுஎஸ்எஃப்எல் என்ற சிறிய லீகில் பர்மிங்ஹாம் அணிக்கு உதைத்தார். பிறகுதான் கௌபாய்ஸ், அதுவும் 28 வயதில், புதுமுகமாக. அந்த ஆண்டு புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 7,50,000 டாலர். முதல் ஆட்டத்தில், ஒரு புள்ளிக்கான உதையான எக்ஸ்ட்ரா பாயின்ட்டை முதல் தடவையே தவறவிட்டார். அதன்பின் தொடர்ச்சியாக 35 ஃபீல்ட் கோல்கள். அறிமுகக்காரர் யாரும் அப்படித் தொடங்கியதில்லை. 2024 செப்டம்பரில் 65 கஜத்திலிருந்தும் அடித்தார்.

உங்கள் ‘கோடி’ கணக்குக்கு வருகிறேன். 2024இல் கன்ஸாஸ் சிட்டியின் ஹாரிசன் பட்கர் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரி 64 லட்சம் டாலர். கிக்கர்களில் அன்றைக்கு அதுதான் உச்சம். அதே ஆண்டு கௌபாய்ஸின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட் போட்டது ஆண்டுக்கு 6 கோடி டாலர். இப்போது இன்னொரு கணக்கு. லீக் வரலாற்றில் அதிகப் புள்ளி எடுத்தவர் ஆடம் வினாட்டியெரி: 24 பருவம், 2,673 புள்ளி, 46 வயதுவரை. கிக்கர் அல்லாதவர்களில் முதலிடத்தில் இருக்கும் ஜெர்ரி ரைஸ் எடுத்தது 1,256. வினாட்டியெரியைத் தொடக்கத்தில் டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எந்த அணியும் எடுக்கவில்லை.

‘உட்கார்ந்துகொள்கிறார்’ என்றீர்கள். உட்காரமாட்டார். ஓரத்தில் வலை கட்டியிருக்கும். அதற்குள் உதைத்து உதைத்துக் காலைச் சூடாக வைத்துக்கொள்வார். ஆனால் அதிகம் உதைக்கவும் கூடாது. வாரப் பயிற்சியிலும் முப்பது, நாற்பது உதையோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். மேலே போனால் இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே உள்ள தசை பிடித்துக்கொள்ளும். உதைக்காத நேரத்தில் ஓட்டத்தை மட்டும் பழகுவார்கள். வலது காலால் உதைப்பவர் பொதுவாகப் பந்திலிருந்து பின்னால் மூன்று காலடி வைத்து, இடப்பக்கம் இரண்டு காலடி எடுத்து நிற்பார். தவறு பெரும்பாலும் ஊன்றும் காலில்தான் தொடங்குகிறது. இடது பாதம் பந்தைத் தாண்டி முன்னால் விழுந்தால் பந்து தாழ்வாகப் போய்த் தடுப்பவன் கையில் படும். பின்தங்கி விழுந்தால் எட்டி உதைக்க நேர்ந்து பலம் போய்விடும்.

பண்டரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் எவ்வளவு தூரம் உதைத்தார் என்று பார்த்துக் கைதட்டாதீர்கள். பந்து 55 கஜம் போய், நாலு விநாடிக்குள் இறங்கிவிட்டால், பிடிக்க ஓடும் தன் ஆட்கள் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். எதிராளி எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். நாலரை விநாடிக்கு மேல் காற்றில் நிற்கும் 45 கஜ உதையே மேல்.

அடுத்த ஞாயிறு ஃபீல்ட் கோல் வரும்போது மகனோடு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்து கிடக்கும் கோட்டிலிருந்து எல்லைக் கோடுவரை உள்ள கஜத்தோடு 17 கூட்டுங்கள்: எல்லைக் கோட்டிலிருந்து கம்பங்கள்வரை உள்ள எண்ட் ஸோனுக்கு 10, ஹோல்டர் பின்வாங்கி உட்காரும் 7. அதுதான் உதையின் தூரம். கம்பங்களுக்கு இடையே அகலம் 18 அடி 6 அங்குலம். ஐம்பது கஜத்துக்கு மேலான உதை தவறினால், உதைத்த இடத்திலிருந்தே எதிரணி தன் ஆட்டத்தைத் தொடங்கும். அதனால்தான் கடைசி வாய்ப்பான நாலாவது டவுனில் பயிற்சியாளர் அவ்வளவு யோசிக்கிறார். பிறகு உதையை மெதுவேகத்தில் திரும்பக் காட்டுவார்கள். அப்போது கிக்கரின் காலை விட்டுவிட்டு, ஹோல்டரின் விரலுக்குக் கீழே தையல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.