ஃபெட், ஜோர்க்கி, கீவ் (பழைய சோவியத் ஃபிலிம் கேமராக்கள்): முதல் ரோல் போடுகிறவர்களின் கேள்விகள்

காரைக்குடி: முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு ஜோர்க்கி-4 வாங்கினேன் அண்ணே. ஃபிலிம் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஒரு விதி. ஃபிலிமை நகர்த்தும் நாப்பைச் சுற்றி ஷட்டரை (வெளிச்சத்தைத் திறந்து மூடும் துணித் திரையை) ஏற்றிய பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் மாற்றக் கூடாது. இந்தக் கேமராக்களில் வேக டயல் ஷட்டரோடு சேர்ந்தே சுழலும். ஏற்றிய நிலையில்தான் எண்ணும் குறியும் சரியாகப் பொருந்தும். ஏற்றாமல் திருகினால் உள்ளே இருக்கிற சின்ன ஊசி இடம் தவறும், பலம் கொடுத்தால் வளையும் அல்லது உடையும். 1 வினாடி வரை மெதுவான வேகங்கள் உள்ள ஜோர்க்கி-4க்கு இது இன்னும் முக்கியம்.

அப்புறம், லென்ஸைக் கழற்றுங்கள், பின்மூடியையும் எடுங்கள். ட்யூப்லைட் முன்னால் பிடித்து ஷட்டர் துணியைப் பாருங்கள். ஊசிமுனை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் துணியில் ஓட்டை. ஏற்றும் முன் ஒரு தடவை, ஏற்றிய பின் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் வேறு திரை மூடியிருக்கும். இந்தத் துணிக்கு நம் ஊர் வெயில்தான் எமன். லென்ஸை வானம் பார்க்க வைத்துவிட்டுப் போனால், உச்சி வெயில் லென்ஸ் வழியே குவிந்து துணியைப் பொசுக்கிவிடும். மூடி போட்டு வையுங்கள்.

கடைசியாக ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது ஃபோகஸ் பார்க்கும் ஜன்னல். லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்து, தூரத்துக் கோபுரம் ஒன்றைப் பாருங்கள். ஜன்னலில் தெரியும் இரண்டு உருவமும் ஒன்றாகச் சேர வேண்டும். பக்கவாட்டில் விலகியிருந்தால் ஃபோகஸ் தப்பும். மேலும் கீழுமாக விலகியிருந்தால் கண்ணுக்குத்தான் தொல்லை, படத்துக்கு இல்லை. எல்லாமே மங்கலாகத் தெரிகிறதென்றால் பயப்பட வேண்டாம், ரீவைண்ட் நாப்புக்கு அடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதை உங்கள் கண்ணுக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர்: லைட் மீட்டர் இல்லை. எங்கள் வீட்டு வளவைப் படம் எடுக்க வேண்டும். வெளிச்ச அளவு எப்படி வைப்பது?

மீட்டர் வேண்டாம் ஆச்சி. ஐஎஸ்ஓ 200 (ஃபிலிமின் வெளிச்ச உணர்திறன்) ஃபிலிம் என்றால் நல்ல வெயிலில் எஃப் 16 (லென்ஸ் துவார அளவு), 1/250 (ஷட்டர் வேகம், வினாடியில்). முற்றத்தில் காயப் போட்டிருக்கும் வற்றலுக்கு இது சரி. அங்கேயே இரண்டு அடி தள்ளித் தூண் நிழலில் அப்பத்தா உட்கார்ந்திருந்தால் எஃப் 8, 1/60. அதாவது நான்கு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). நம் வீடுகளில் படம் கெடுவதே இங்கேதான். முற்றத்து வெயிலும் பத்தித் தாழ்வார நிழலும் ஒரே படத்தில் வந்தால் இரண்டையும் காப்பாற்ற முடியாது. எதற்காக எடுக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஆள் முக்கியம் என்றால் நிழலுக்கு அளவு வையுங்கள், முற்றம் வெளுத்துப் போனால் போகட்டும். கலர் நெகட்டிவ், வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் தாங்காது. பர்மா தேக்குத் தூண் கறுப்புக் கட்டையாக வருவதைவிட முற்றம் வெளுப்பது மேல்.

இரண்டாம் கட்டுக்கு உள்ளே போனால் ஐஎஸ்ஓ 400 போட்டு, எஃப் 2, 1/30. ஜூபிட்டர்-8 லென்ஸ் இருந்தால் எஃப் 2 கிடைக்கும். இண்டஸ்டார்-50 லென்ஸ் என்றால் எஃப் 3.5 தான், அடுப்படியை மறந்துவிடலாம். தூணில் சாய்ந்துகொண்டு எடுங்கள். 1/500, 1/1000 இரண்டையும் நம்பாதீர்கள். இத்தனை வருஷத்து ஸ்பிரிங்கும் கெட்டிப்பட்ட கிரீஸும் சொன்ன வேகத்தில் ஓடாது. இன்னொன்று, அழுத்தும்போது விரல் வேக டயலில் படக் கூடாது. டயல் சுழலும் என்று மேலே சொன்னேன்.

ஆத்தங்குடி: தரைக் கல்லின் பூ டிசைனைக் கிட்டத்தில் எடுக்கலாமா?

ஒரு மீட்டர் தூரத்துக்கு உள்ளே ஃபோகஸ் வராது. வியூஃபைண்டரில் தெரிவதும் லென்ஸ் பார்ப்பதும் கிட்டத்தில் ஒன்றாக இருக்காது. நின்றுகொண்டு முழுத் தரையை எடுங்கள்.

கோட்டையூர்: ரோல் முழுக்க வெறுமையாக வந்தது. லேப் கெடுத்துவிட்டதா?

ஃபிலிம் ஓரத்தில் எண்கள் தெரிகிறதா? தெரிந்தால் லேப் மேல் தப்பில்லை. லென்ஸ் மூடியோடு எடுத்திருப்பீர்கள், நாம் பார்ப்பது லென்ஸ் வழியே இல்லையே. இல்லாவிட்டால் ஃபிலிம் நகரவே இல்லை. சுற்றும்போது ரீவைண்ட் நாப்பும் சுழல்கிறதா என்று பாருங்கள்.

தேவகோட்டை: எங்கள் ஐயா 1942-இல் ரங்கூனிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த லைக்கா. மேலே கழுகும் ஸ்வஸ்திகாவும் பொறித்திருக்கிறது. என்ன விலை போகும்?

விலைக்கு முன் லென்ஸைக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் கையின் நுனியில் வட்டமான உருளை இருந்தால் ஜெர்மன் லைக்கா. ஆப்பு மாதிரி இருந்தால் ஃபெட் அல்லது ஜோர்க்கி. லென்ஸில் என்ன எழுதியிருக்கிறது?

தேவகோட்டை: ஆப்பு மாதிரிதான். லென்ஸில் ரஷ்ய எழுத்து, எண் 55 என்று ஆரம்பிக்கிறது. ஆனால் மேலே லைக்கா என்று இருக்கிறதே?

பொறிப்பது சுலபம். சோவியத் கேமராவில் கழுகு வரைந்து, பொன்முலாம் பூசி, ஜெர்மன் விமானப்படைக் கேமரா என்று விற்பது உலகம் முழுக்க நடந்த வியாபாரம். அந்தக் காலத்து சோவியத் லென்ஸ்களில் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் வருஷம். உங்களுடையது 1955.

காரைக்குடி: குறுக்கே வருகிறேன் அண்ணே. லென்ஸை அப்புறம் மாற்றியிருக்கலாம். ஃபெட் 1934-லிருந்தே வந்ததே, ஐயா அதை வாங்கியிருக்கலாம் அல்லவா?

நியாயமான கேள்வி. உக்ரைனின் கார்கிவ் நகரில், கல்வியாளர் மகரென்கோ நடத்திய சிறார் கம்யூனில் லைக்கா II-ஐப் பார்த்துச் செய்ததுதான் ஃபெட். பெயர், சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள். போருக்கு முன்பே வந்தது உண்மை. மாஸ்கோ பக்கம் கிராஸ்னகோர்ஸ்கில் ஜோர்க்கி வந்தது 1948-இல். ஆக, உடல் மட்டும் பழைய ஃபெட்டாக இருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழுகு? போர் நடக்கும்போது பிரிட்டிஷ்காரன் ஆண்ட ரங்கூனில் ஜெர்மன் விமானப்படைக் கேமராவை யார் விற்றார்கள்?

தேவகோட்டை: வீட்டில் எல்லாரும் சொல்கிற கதை. ஐயா பொய் சொல்லமாட்டார்.

ஐயா பொய் சொன்னார் என்று யார் சொன்னது? அவர் கொண்டுவந்தது வேறு கேமராவாக இருக்கலாம். இன்றைக்குப் பெட்டியில் இருப்பது இது. லைக்கா விலைக்கு விற்காதீர்கள், வாங்குகிறவன் லென்ஸைக் கழற்றத் தெரிந்தவனாக இருந்தால் வம்பு. ஷட்டர் ஓடினால் ஒரு ரோல் போட்டுப் பாருங்கள்.

குன்றக்குடி: வேகத்தை முதலில் வைத்துவிட்டு அப்புறம் சுற்றலாமா?

மேலே படியுங்கள்.

கானாடுகாத்தான்: கீவ்-4 வாங்கலாமா?

அது ஜெர்மன் கான்டாக்ஸ் கேமராவின் குடும்பம், இவற்றோடு சேராது. ரிப்பேருக்கும் ஆள் கிடைப்பது கஷ்டம். வாங்கினால் வலது கை விரல் ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலை மறைக்காமல் பிடிக்கப் பழகுங்கள். இதற்கும் சுற்றிய பிறகு வேகம் வைப்பதே நல்லது.

புதுவயல்: அலமாரியில் பழைய இந்து ஃபிலிம் ரோல் ஒன்று கிடைத்தது. போடலாமா?

ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்ததா? போடுங்கள், ஆனால் கல்யாணத்துக்குப் போடாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் இருந்த ஃபிலிம், புகை படிந்த மாதிரிதான் வரும்.

காரைக்குடி: டயல் இறுகிவிட்டது. கட்டிங் பிளேயரால் திருகட்டுமா?

ஏற்றினீர்களா? ஏற்றிவிட்டு, டயலை மேலே தூக்கித் திருகுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பிளேயரைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.