"கேசபிளாங்கா" பாட்டு அன்று ஏன் புதிய இசைத்தட்டாக வரவில்லை?

'கேசபிளாங்கா' என்ற ஹாலிவுட் படத்தில் டூலி வில்சன் பாடும் 'ஆஸ் டைம் கோஸ் பை' பாட்டு எல்லோரையும் கட்டிப்போட்டது. ஆனால் 1943இல் கடைகளில் விற்றது பாடகர் ரூடி வேலி 1931இல் பாடிய பழைய தட்டின் மறுபதிப்பு. ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் வேலைநிறுத்தம். வானொலியும் ஜூக்பாக்ஸும் (காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி) தட்டுகளை ஓடவிட்டதால் மேடைக் கலைஞர்களின் பிழைப்பு போனது. ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், தட்டு விற்பனையில் பங்கு கேட்டு 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவை நிறுத்தியது. கோரிக்கை நியாயமானது என்றே நினைக்கிறேன். இசைத்தட்டு நிறுவனங்களில் டெக்கா 1943இல் பணிந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை இழுத்தடித்தன.

ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசை உச்சத்தில் இருந்த காலம் அது. போர்முனை வீரர்களுக்கான 'வி-டிஸ்க்' தட்டுகளுக்கு மட்டும், விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு, சங்கம் விலக்கு அளித்தது. 12 அங்குலத் தட்டு என்பதால் ஒரு பக்கத்தில் ஆறு நிமிடம் வரை பிடித்தது. வழக்கமான தட்டில் மூன்றுதான். அதனால் தனி வாசிப்புகள் மூச்சு விட்டு நீள்கின்றன. தேடிக் கேளுங்கள்.

படத்தை மறுபடி பார்த்தால் பியானோ வாசிப்பது போல் நடிக்கும் வில்சனின் விரல்களைக் கவனியுங்கள். அவர் டிரம்ஸ் கலைஞர், பியானோ தெரியாதவர். நாம் கேட்பது எலியட் கார்ப்பெண்டரின் வாசிப்பு.