ஐந்தரை மணி நேரத்துக்கு என்ன விலை?

கேள்வி: தம்பி நியூயார்க்கில் இருக்கிறான். வருடம் ஒரு முறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மாவால் நடுவில் இறங்கி ஏற முடியாது, நேர் விமானத்தில்தான் வர வேண்டும் என்பது அவன் கண்டிப்பு. போன முறை இரண்டு டிக்கெட்டுக்கும் 6,200 சிங்கப்பூர் வெள்ளி. விமான டிக்கெட்டுக்கு மாற்றிக்கொள்ளும் மைல் புள்ளிகள் கிடைக்குமே என்று கிரெடிட் கார்டில் போட்டேன். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை கட்டுகிறேன், இன்னும் 6,000 பாக்கி. சம்பளம் 3,800. அடுத்த பயணத்துக்கு இதைவிட அதிக மைல் தரும் கார்டு எது?
- ஈசூன் வாசகி

பதில்: கார்டு பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் சுமார் 15,300 கிலோமீட்டர். நடுவில் நிற்காமல் பறக்கும் பயணிகள் சேவைகளில் உலகிலேயே மிக நீண்டது இதுதான். அவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் பறக்க நிறைய எரிபொருள் சுமக்க வேண்டும், ஆட்களைக் குறைத்துத்தான் ஏற்ற முடியும். அதனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கு ஓட்டும் ஏ350 விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. தம்பி "நேர் விமானம்" என்று சொல்லும்போதே அதற்கு ஒரு படி மேலான பிரிமியம் எகானமி விலையையும் உங்கள் தலையில் கட்டிவிடுகிறார்.

நேராகப் போனால் ஏறக்குறைய 18½ மணி நேரம். ஃபிராங்ஃபர்ட் போல ஓர் இடத்தில் நின்று போனால் 24 என்று வையுங்கள். போக வர 11 மணி நேரம் மிச்சம். எகானமி சுமார் 1,700 என்றால் தலைக்கு 1,400 வெள்ளி கூடுதல். அதாவது மணிக்கு 127 வெள்ளி. உங்கள் சம்பளத்தை மணிக் கணக்கில் பார்த்தால் 20 வெள்ளி தேறும்.

இதுகூடப் பரவாயில்லை. பாசத்துக்குச் செலவழிக்கலாம், கையில் இருந்தால். கெடுதல் அந்தக் குறைந்தபட்சத் தொகையில்தான். கார்டு வட்டி வருடத்துக்கு 27 சதவீதம் என்றால் 6,000 வெள்ளிக்கு மாதம் 135. நீங்கள் கட்டுவது 3 சதவீதம், 180. அசலில் கழிவது வெறும் 45. மைல் என்ன ஆயிற்று? வெள்ளிக்கு 1.2 மைல் வீதம் 7,440. மைலுக்கு ஒன்றரை காசு என்று தாராளமாக மதித்தாலும் 112 வெள்ளி. முதல் மாத வட்டியிலேயே போய்விட்டது! மைல் கார்டெல்லாம் முழுப் பாக்கியையும் மாதாமாதம் தீர்ப்பவர்களுக்கு. மற்றவர்களுக்கு அது வட்டிக்கடை.

மத்திய சேம நிதிக்குச் (ஓய்வுக்காலச் சேமிப்பு) சம்பளத்தில் பிடிப்பது போக உங்கள் கைக்கு வருவது 3,040 இருக்கும். அதில் 600 ஒதுக்கினால் ஒரு வருடத்துக்குள் கடன் அடைந்துவிடும். வங்கித் தனிநபர் கடனுக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட வட்டியைக் கேளுங்கள். கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

தம்பியிடம் வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள், போன் போட்டுப் பேசுங்கள். "எகானமி விலை நான் தருகிறேன். நேர் விமானம்தான் வேண்டும் என்றால் மீதி 2,800 நீ போடு." முடியாது என்றால், அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.