12 கணினிக்கு அன்டிவைரஸ் போதுமா, ஈடிஆர் வேண்டுமா?

கிளிநொச்சியில் அரிசி ஆலை, பரந்தனில் களஞ்சியம், மொத்தம் 12 கணினி, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அன்டிவைரஸ் பெரும்பாலும் கோப்பைப் பார்க்கும், ஈடிஆர் (கணினியில் நடப்பதைக் கண்காணித்துத் தாக்குதலைப் பிடிக்கும் மென்பொருள்) நிரல்களின் நடத்தையைப் பார்க்கும். கணக்குப் பிரிவுப் பிள்ளை 'நெல் விலைப்பட்டியல்' என்று வந்த வேர்ட் கோப்பைத் திறக்கிறா என்று வையுங்கள். அடுத்த நொடி அதற்குள்ளிருந்து, விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கும் கருவியான பவர்ஷெல் ஓடுகிறது. வேர்டுக்கும் பவர்ஷெல்லுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? ஈடிஆர் கேட்பது அதைத்தான். அந்தக் கணினியை மட்டும் வலையமைப்பிலிருந்து கழற்றியும் விடலாம்.

ஆனால் இரவு 2 மணிக்கு எச்சரிக்கை வந்தால் யார் பார்ப்பது? ஆளில்லாமல் ஈடிஆர் வாங்குவது, யானைக்குக் காவல் கொட்டில் போட்டுவிட்டு வீட்டில் படுப்பது மாதிரி. ஆள் இல்லையென்றால், வெளி நிபுணர்களின் கண்காணிப்பும் சேர்ந்த எம்டிஆர் சேவையாக எடுங்கள்.

உங்கள் அளவுக்கு 300 பேர் வரையான நிறுவனங்களுக்கென்றே உள்ள மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டர் ஃபோர் பிஸ்னஸை முதலில் பார்ப்பேன். கிரவுட்ஸ்ட்ரைக், சென்டினல்வன் என்ற மற்ற இரண்டு ஈடிஆரும் வலுவானவை. என்றாலும் 2024 ஜூலை 19 இல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான ஒரு அப்டேட் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. காவல்காரனும் சறுக்குவான்.

எதை எடுத்தாலும் சோதனைக் காலத்தில் இணைய வயரைக் கழற்றிவிட்டு, களஞ்சியத்துக்கும் அலுவலகத்துக்கும் அலையும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். பரந்தனில் இணைப்பு அறுந்த நேரத்திலும் பாதுகாப்பு மென்பொருள் வேலை செய்யவேண்டும்.

விண்டோஸ் 10 இன்னும் ஓடுகிறதா? அதன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. முதற்காசை அதை மாற்றுவதில் போடுங்கள்.